ரிவோல்வரில் முதலில் மாற்ற வேண்டியது மரம்

டொரொன்டோவில் இருக்கும் மச்சான் தன்னுடைய ஸ்மித் அன்ட் வெசன் 686 ரிவோல்வருக்கு இதுவரை செலவழித்த காசில் இங்கே ஒரு முச்சக்கர வண்டிக்கு முற்பணம் கட்டியிருக்கலாம். பிடி மாற்றினான், ஸ்பிரிங் மாற்றினான், குறிபார்ப்பதற்குக் குழல் நுனியில் இருக்கும் முன்குறியில் பச்சையாக ஒளிரும் ஃபைபர் துண்டு வைத்தான், ரவைகள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் அறைகளின் வாயைச் சரித்து வெட்டக் கொடுத்தான், அப்புறம் முதல் வாங்கிய பிடி சரியில்லை என்று இன்னொன்று, அதுவும் சரியில்லை என்று மற்றொன்று. அவனுடைய அப்பா, அதாவது என் மாமா, கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் முந்தின தலைமுறையிலிருந்து அனுமதிப்பத்திரத்தோடு வந்த வெப்லி என்கிற ஒரு பழைய பிரிட்டிஷ் ரிவோல்வர் இருக்கிறது. அதில் அவர் மாற்றிப் போட்டது பிடியின் இரண்டு மரத்துண்டு மட்டும்தான். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில் நான் மாமா பக்கம். மச்சானுக்கு இது தெரியும், கோபமும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் தமிழ் வீடொன்றில் துவக்கைப் பற்றிக் கதைப்பது இன்றைக்கும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் செய்கிற காரியம். சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தலைமுறை நாங்கள். அதனால் இந்தக் கட்டுரையைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் எனக்குப் புரியும். நான் சுடுவது காகித இலக்கைத்தான், அதுவும் காற்றுத் துப்பாக்கியால், 10 மீட்டரில். ரிவோல்வரில் ரவை போட்டுச் சுட்டது மச்சானோடு கனடாவில் ஒரு சுடுதளத்தில்தான். மாமாவின் வெப்லியை வெறுமையாக, சிலிண்டரைத் திறந்து காட்டிய பிறகு, பிடித்துப் பார்த்ததோடு சரி.

ரிவோல்வரை மட்டும் ஏன் ஆட்கள் இவ்வளவு ஆசையாகத் தங்கள் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிறார்கள்? காரணம் அதன் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. பிஸ்டலில் ரவைகள் பெரும்பாலும் பிடிக்குள்ளே, மகசீன் என்கிற பெட்டியில் இருக்கும். பிடி எவ்வளவு அகலம், எவ்வளவு சாய்வு என்பதை அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது, கை அதற்கு இணங்கிப் போக வேண்டும். ரிவோல்வரில் ரவைகள் மேலே சிலிண்டரில் இருக்கின்றன. பிடிக்குள்ளே இருப்பது ஒரு மெல்லிய இரும்புச் சட்டமும், ரவையை அடிக்கிற சுத்தியலான ஹேமரைத் தள்ளும் ஸ்பிரிங்கும் மட்டும். மிச்சம் எல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சுற்றி மரத்தையோ ரப்பரையோ எந்த வடிவத்திலும் வைக்கலாம். மெல்லிய கைக்கு மெல்லியதாக, பெரிய கைக்குப் பெரியதாக, சிலிண்டரையும் ட்ரிகரையும் தொடாமலே. இந்த ஒரு சுதந்திரம் பிடிக்குள் மகசீன் வைத்த பிஸ்டலில் இவ்வளவு தாராளமாகக் கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிட்டு நேரே ட்ரிகருக்குப் போகிறார்கள்.

பிடியில் உண்மையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கு. பிடியின் முதுகுப் பகுதியிலிருந்து ட்ரிகரின் முகம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பது முதல் விஷயம். ஹேமரை விரலால் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சுடும்போது ட்ரிகர் சின்ன அசைவுதான், விரல்நுனியின் சதை போதும். ஹேமரைத் தொடாமல், ட்ரிகரை ஒரே இழுப்பாக இழுத்து, அதுவே சிலிண்டரைத் திருப்பி ஹேமரைத் தூக்கி விழுத்த வேண்டும் என்றால் பலருக்கு விரலின் முதல் மடிப்பு வரைக்கும் உள்ளே போனால்தான் பலம் வரும். பிடியின் மரம் சட்டத்தின் முதுகை மூடியிருந்தால் அந்தத் தூரம் கூடும். முதுகைத் திறந்து, இரும்பு உள்ளங்கையில் படும்படி விட்டால் குறையும். சின்னக் கைக்காரருக்கு மெத்தென்று இருக்கிறது என்று முதுகை மூடிய தடித்த ரப்பர் பிடியைக் கொடுத்தால், அவர் கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துத்தான் ட்ரிகரை எட்டுவார். அப்புறம் சன்னம் ஒரு பக்கமாகவே போகிறது என்று பின்குறியைத் திருகிக்கொண்டிருப்பார்.

அடுத்தது கை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பது. குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது சுடும்போது மேலே துள்ளும். கை மேலே ஏறினால் உதை நேராக முன்கைக்குள் வரும். பழைய பிடிகளில் ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால், நடுவிரல் இருக்கும் இடத்தில், ஒரு பள்ளம் இருக்கும். அங்கே எதுவும் இல்லாததால் கை அந்தப் பள்ளத்துக்குள் ஏறி, வளையத்தின் பின்பகுதி நடுவிரல் முட்டியில் இடிக்கும். அமெரிக்காவில் இந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கென்றே டைலர் டி-கிரிப் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு விற்றார்கள். எனக்குத் தெரிந்து ரிவோல்வருக்குச் செய்யப்பட்ட மாற்றங்களில் விலைக்குப் பயன் கூடியது அதுதான்.

விரல் பதிக்கிற பள்ளங்கள் வெட்டிய பிடி பார்க்க வடிவாக இருக்கும். அதை வாங்குவது இன்னொருவருடைய பல்செட்டை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி. அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய விரல்களுக்கு வெட்டியவை. உங்கள் விரல் மேட்டில் போய் உட்கார்ந்தால், ஒவ்வொரு முறையும் கை வேறு வேறு இடத்தில் நிற்கும். மச்சானின் முதல் பிடியின் கதை இதுதான். இரண்டாவது பிடி நல்ல வால்நட் மரம், ஆனால் இடப்பக்கம் தடித்துப் போய், ஆறு ரவைகளையும் ஒன்றாகப் போடுகிற ஸ்பீட்லோடர் உள்ளே போகும்போது அதில் முட்டியது. மூன்றாவதில் அவனே உப்புத்தாள் எடுத்து, இரண்டு கிழமை சனிக்கிழமைகளில் தேய்த்துத் தேய்த்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தான். அந்த உப்புத்தாளுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

மாமாவின் வெப்லிக்கு வருவோம். அது மார்க் 4, .38 அங்குல ரவை வகை, நடுவில் மடித்துத் திறக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த கறுப்புப் பிடித்தகடுகள் இரண்டும் ஒரே திருகாணியில் நிற்பவை. மாமாவுக்குச் சின்னக் கை, விரல் மூட்டுகளில் வருத்தம் வேறு. பிடியின் அடிப்பகுதி அவருக்கு மெலிந்துபோய்ச் சுண்டுவிரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை, ட்ரிகரை இழுக்கும்போது துவக்கு கைக்குள் சுழன்றது. வெப்லியின் முதுகு எப்படியும் திறந்த இரும்புதான், அதில் எதையும் குறைக்க முடியாது. ஆகவே இரண்டு வேலை: வளையத்துக்குப் பின்னால் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அடியை அகலமாக்க வேண்டும்.

இலங்கையில் இதற்கு ஒரு கடைக்குப் போய் ‘வெப்லிக்குப் பிடி இருக்கா’ என்று கேட்க முடியாது. ரிவோல்வர் வைத்திருக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், எல்லாம் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ். துவக்கைத் திருத்துகிற வேலைக்கே தனி அனுமதி தேவை. எனவே மாமா துவக்கை வீட்டை விட்டு எடுக்கவே இல்லை. பழைய தகடுகளைக் கழற்றி, அவற்றையும், சட்டத்தின் ஓரத்தைக் கடதாசியில் பென்சிலால் வரைந்த கோட்டையும் மட்டும் மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் கொண்டுபோனார். மொறட்டுவைக்காரர் மரத்தில் என்ன கேட்டாலும் செய்வார்கள், கட்டிலிலிருந்து வீணை வரைக்கும். எதற்கு என்று தச்சர் கேட்டதற்கு மாமா ஒளிக்காமல் சொன்னார். தச்சர் சிரித்துவிட்டு, எந்த மரம் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. மாமாவுக்குக் கருங்காலிதான் ஆசை, கறுப்புத் தகட்டுக்குப் பதில் கறுப்பு மரம். ஆனால் கருங்காலி மெல்லிய ஓரங்களில் பிளக்கும், திருகாணித் துளையைச் சுற்றி வெடிப்பு விழும். தேக்கு வெட்டச் சுகம், ஆனால் நார் திறந்திருக்கும், வியர்வை குடிக்கும். கடைசியில் முடிவானது முதிரை. பழைய வீடொன்றில் உடைந்துபோன அலுமாரியின் கால். ஆண்டுக்கணக்காகக் காய்ந்த மரம், இனிச் சுருங்காது, கனம், நார் நெருக்கம். ஒரு வில்லங்கம்: முதிரைத் தூள் சிலருடைய தோலில் பட்டால் தடித்து அரிக்கும். தச்சரின் முன்கை முழுக்கச் சிவந்துவிட்டதாம். மாமா கூலியோடு ஒரு தைலப் போத்தலும் கொடுத்துவிட்டு வந்தார். பாலிஷ் அடிக்கவில்லை. மினுக்கினால் வழுக்கும், கொழும்பு வெக்கையில் கை எப்பவும் ஈரம்தானே. எண்ணெய் மட்டும் தேய்த்து விட்டார்கள்.

அதைப் பிடித்துப் பார்த்தபோது என் கைக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. அடி தடித்து, மேலே மெலிந்து, எனக்கு ஒரே அசௌகரியம். மாமாவின் கையில் அது அசையாமல் நின்றது. என் கைக்குப் பொருந்தாததுதான் அது நன்றாகச் செய்யப்பட்டதற்கு அத்தாட்சி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தொழிற்சாலைகளே இந்த வேலையைச் செய்த காலமும் உண்டு. 1935 இல் ஸ்மித் அன்ட் வெசன் .357 மக்னம் ரவையைக் கொண்டுவந்தபோது, அதற்கான முதல் ரிவோல்வர்களை ஆர்டரின் பேரில் ஒவ்வொன்றாகத்தான் செய்தார்கள். குழல் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் வரைக்கும் எது வேண்டும், எந்த முன்குறி, எந்தப் பிடி, எல்லாம் வாங்குபவர் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் பதிவுச் சான்றிதழ், அதனால் ரெஜிஸ்டர்ட் மக்னம் என்று பெயர். விலை 60 டொலர், அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் அது பெரிய காசு. அமெரிக்க ஜெனரல் பாட்டன் இடுப்பில் தொங்கிய தந்தப்பிடி ரிவோல்வர்களில் ஒன்று இந்த வகை.

மறு கோடியில் கோல்ட் என்கிற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தில் வேலை செய்த ஜோன் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரல்ட். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து கெதியாக எடுக்க வேண்டும் என்று குழலை இரண்டு அங்குலமாக வெட்டி, ஹேமரை விரலால் இழுக்கிற அதன் வாலைக் கழித்து, ட்ரிகர் வளையத்தின் முன்பக்கத்தையே அறுத்து எடுத்துவிட்டார். ஃபிட்ஸ் ஸ்பெஷல் என்று இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதற்குப் பெரிய விலை கொடுக்கிறார்கள். வளையம் இல்லாத ட்ரிகரோடு ஒரு துவக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கிற துணிச்சல் எனக்கு இல்லை, இருக்கவும் வேண்டாம். 1938 இல் பிரிட்டிஷ் இராணுவமும் இதே மாதிரி ஒன்று செய்தது. என்ஃபீல்ட் ரிவோல்வரின் ஹேமர் வால் டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அங்கங்கே கொளுவுகிறது என்று, வாலே இல்லாத ஹேமரோடு புது மாதிரி வந்தது. டாங்கிக்காரருக்கு நல்லது. ஆறுதலாகக் குறிபார்த்துச் சுடுகிறவருக்கு அது பெரிய நட்டம், ஏனென்றால் இனி ஹேமரை முன்கூட்டியே இழுத்து வைக்க வழியில்லை, ஒவ்வொரு ரவைக்கும் அந்த நீண்ட, பாரமான இழுப்புத்தான். ஒருவருக்கு நல்ல மாற்றம் மற்றவருக்குக் கெடுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குறிகளைப் பற்றிச் சுருக்கமாக. மச்சானின் துவக்கில் பின்குறியைத் திருகாணியால் ஏற்றி இறக்கலாம், ஆகவே பிரச்சினை இல்லை. மாமாவினது அசையாத குறி. ரிவோல்வரில் பாரமான சன்னம் பெரும்பாலும் இலக்கில் மேலே விழும், இலேசான சன்னம் கீழே. மெதுவாகப் போகிற பாரமான சன்னம் குழலுக்குள் கூடுதல் நேரம் நிற்கிறது, உதையும் கூட, அதற்குள் குழல் வாய் மேலே எழும்பிவிடுகிறது. வெப்லி .38 முதலில் 200 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட 13 கிராம், சன்னத்தை மனதில் வைத்துச் செய்தது. இன்றைக்கு அந்த ரவை அதிலும் இலேசான சன்னத்தோடுதான் அதிகம் வருகிறது, எனவே கொஞ்சம் கீழே விழும். முன்குறியை அராவிக் கட்டையாக்கினால் சன்னம் மேலே ஏறும். ஆனால் அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது, நாளைக்கு வேறு பாரத்தில் ரவை கிடைத்தால் என்ன செய்வது? நகைக்கடைக்காரரான மாமாவின் மேசையில் எத்தனையோ வகை அரம் கிடக்கிறது. ஒன்றையும் அவர் அந்தக் குறியில் வைக்கவில்லை. கொஞ்சம் மேலே குறிபார்க்கப் பழகிவிட்டார். சரிதான்.

இனி ட்ரிகர். மச்சானும் நானும் ஓயாமல் சண்டை பிடிக்கிற இடம் இது. 686 மாதிரி ரிவோல்வர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது நீண்ட இழுப்புக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ பலம் வேண்டும், ஹேமரை இழுத்து வைத்தால் ஒன்றரைக் கிலோ அளவில் விழும். அந்த 5 கிலோவைக் குறைக்க எல்லோரும் செய்கிற சுலபமான வேலை ஸ்பிரிங்கை மென்மையாக்குவது. அப்படிச் செய்தால் ஹேமர் மெதுவாக அடிக்கும். மெதுவாக அடித்தால் ரவையின் அடியில் இருக்கிற பிரைமர் வெடிக்காமல் போகலாம். பிரைமர்கள் எல்லாம் ஒரே கடினம் இல்லை. ரிவோல்வர் போட்டிக்காரர்கள் ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமரைத் தேடித்தேடி வாங்குவது அது மென்மையானது என்பதற்காகத்தான். மச்சான் தன் ரவைகளைத் தானே நிரப்புகிறான், அந்தப் பிரைமரையே போடுகிறான், அவனுக்கு ஒவ்வொன்றும் வெடிக்கிறது. கடையில் வாங்கிய வேறு ரவையைப் போட்ட அன்று ஆறில் இரண்டு வெறும் ‘டிக்’ என்றது, நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ட்ரிகர் ஒரே ஒரு சாப்பாட்டுக்குப் பழக்கப்பட்டுவிட்டது. கொழும்பில் ரவையைப் பொறுக்கி வாங்குகிற வசதி யாருக்கு இருக்கிறது? கிடைக்கிறதைத்தான் போட வேண்டும். ஆகவே இங்கே இருக்கிற ஒரு ரிவோல்வரின் ஸ்பிரிங்கைத் தொடுவது, எனக்குத் தெரிந்த அளவில், புத்தியான காரியம் இல்லை.

ஸ்பிரிங்கை விட மோசமானது ஹேமரின் பல்லை மினுக்குவது. ஹேமரை இழுத்து வைத்திருக்கிற அந்தச் சின்ன விளிம்பில் கொஞ்சம் கூடத் தேய்ந்தால், ட்ரிகரைத் தொடாமலே, பெருவிரலால் தள்ளினாலே ஹேமர் விழும். அது பழகிய துவக்குத் தொழிலாளியின் வேலை. இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை.

அதற்காகப் பாரமான ட்ரிகரோடு சுட முடியாது என்றும் இல்லை. 1932 இல் அமெரிக்கச் சுடுவீரர் எட் மக்கிவர்ன் நீண்ட இழுப்பில் ஐந்து ரவைகளை 0.45 செக்கனில் சுட்டார். 1999 இல் இன்னொரு அமெரிக்கரான ஜெரி மிக்யூலெக் ஆறு சுட்டு, மீண்டும் ஆறு நிரப்பி, அதையும் சுட்டு முடித்த நேரம் 2.99 செக்கன். மிக்யூலெக்கின் ரிவோல்வர் ஆறு ரவைகளையும் ஒரே தகட்டில் கோர்த்து உள்ளே போடுகிற வகை. அந்தத் தகட்டு யோசனையும் ஆடம்பரத்துக்கு வந்ததில்லை. 1917 இல் அமெரிக்க இராணுவத்துக்குப் பிஸ்டல் போதவில்லை, பிஸ்டலின் விளிம்பில்லாத ரவையை ரிவோல்வரில் போட்டால் வெற்றுக்கூட்டைத் தள்ளி எடுக்கப் பிடிமானம் இல்லை, அதற்காக மூன்று மூன்றாகக் கோர்க்கிற அரைநிலா வடிவத் தகடு செய்தார்கள்.

மச்சான் சொல்கிற நியாயம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிட வேண்டும். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளைத் தனியார் பொதுவாக வாங்கவோ விற்கவோ தங்களுக்குள் கைமாற்றவோ முடியாது. அதற்கு முந்தியே 105 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததுமான குழல்கள் தடை. நாலு அங்குலம் என்பது 101.6, அதனால்தான் அவன் ஆறு அங்குலக் குழல் வாங்கினான். இனி வேறொன்று வாங்க முடியாது, இதை விற்கவும் முடியாது. “இருக்கிற ஒன்றைத்தானே மச்சான் திருத்தித் திருத்திப் பார்க்கலாம், வேறென்ன செய்யச் சொல்கிறாய்?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஸ்பிரிங்கைத் திரும்பப் பழையதற்கு மாற்று என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றான்.

நான் இடக்கைக்காரன் என்பதால் இன்னொரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்மித் அன்ட் வெசனில் சிலிண்டரைத் திறக்கிற பொத்தான் இடப்பக்கம், வலக்கைப் பெருவிரலுக்காக. சிலிண்டரும் இடப்பக்கமே விழும். வெப்லியின் நெம்புகோலும் அப்படித்தான். பிடியை எனக்கு ஏற்ற மாதிரி ஆயிரம் விதமாகச் செதுக்கலாம், இதை மாற்ற முடியாது, அது சட்டத்தின் அமைப்போடு வந்தது. எனக்குத் தெரிந்து சார்ட்டர் ஆம்ஸ் என்கிற அமெரிக்க நிறுவனம்தான் இடக்கைக்கென்று முழுசாகத் திருப்பிப்போட்டு ஒரு ரிவோல்வர் செய்திருக்கிறது. மற்றதில் எல்லாம் நாங்கள் துவக்கைக் கை மாற்றிப் பிடித்து, விரலை வளைத்து, எப்படியோ சமாளிக்கிறோம். மச்சானிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நீ வலக்கையால சுடப் பழகு” என்றான். காற்றுத் துப்பாக்கிக்கு இடக்கைப் பிடி கடையிலேயே கிடைக்கிறது, ஆகவே நான் ஏன் பழக வேண்டும் என்று கேட்டுவிட்டு அழைப்பை வைத்தேன்.